ஒரு ஓட்டில் தோற்ற மேல்முறையீடு



அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்படுவோர் பற்றிய செய்திகள் தினமும் வருகின்றன. அப்படி அனுப்பப்பட்டவர் அனுமதியில்லாமல் மறுபடி நுழைந்தால் அது சிறைக்குரிய குற்றம். அந்தத் தண்டனையை எதிர்த்து ஒருவர் செய்த மேல்முறையீட்டின் கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டம். 1929 மார்ச் 4 அன்று வந்தது. இதற்கு முன்நின்றவர் தென் கரோலினா செனட்டர் கோல்மன் பிளீஸ், நிறவெறிக்குப் பெயர் போனவர். திரும்பி வந்தவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்று அச்சட்டம் சொன்னது. 1952இல் புதிய குடியேற்றச் சட்டத்திலும் இந்தப் பிரிவு இடம்பெற்றது. 1988இல் ஒரு திருத்தம் வந்தது: முன்பே கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டவர் என்றால் 15 ஆண்டுகள் வரை சிறை. 1994இல் அது 20 ஆண்டுகள் ஆனது. ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 20!

இங்கேதான் சிக்கல். 1995இல் அல்மெண்டாரெஸ்-டோரஸ் என்பவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. நாடு கடத்தப்பட்டதையும் திரும்பி வந்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். தமக்கு முன்பு மூன்று தண்டனைகள் இருந்ததையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் பழைய தண்டனைகள் பற்றிக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. "எழுதப்படாத ஒன்றுக்காக என் தண்டனையை எப்படிக் கூட்டலாம்? 2 ஆண்டுக்கு மேல் கூடாது" என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 85 மாதச் சிறை விதித்தது. அதாவது 24 மாதம் எங்கே, 7 ஆண்டு ஒரு மாதம் எங்கே!

மேல்முறையீட்டிலும் தோற்று, உச்ச நீதிமன்றம் போனார். அங்கே எழுந்த கேள்வி: பழைய தண்டனை என்பது குற்றத்தின் ஒரு பகுதியா, அல்லது தண்டனையின் அளவை முடிவு செய்ய நீதிபதி பார்க்கும் விவரம் மட்டும்தானா? குற்றத்தின் பகுதி என்றால் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டும், ஜூரி முன்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டும். 1998 மார்ச் 24 அன்று தீர்ப்பு: நீதிபதி பார்த்தால் போதும். ஐந்துக்கு நான்கு. ஒரே ஓட்டில் தோல்வி.

இரண்டே ஆண்டில், 2000இல், அப்ரெண்டி என்ற வேறொரு வழக்கு வந்தது. தண்டனையின் உச்ச வரம்பை உயர்த்தும் எந்த விவரத்தையும் ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதுவும் ஐந்துக்கு நான்கு. முன்பு மாறுபட்ட நால்வரோடு இப்போது சேர்ந்தவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். 1998இல் தாம் சேர்ந்த தீர்ப்பில் பிழை இருந்தது என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனாலும் "பழைய தண்டனை நீங்கலாக" என்று ஒரு விலக்கு வைத்தார்கள். அதனால் பழைய தீர்ப்பு பிழைத்துக்கொண்டது.

இதைவிட வேடிக்கை 2006இல். 1998இல் எதிர்த்து வாக்களித்த நீதிபதி ஸ்டீவன்ஸ், அந்தத் தீர்ப்பு தவறு என்றே இப்போதும் கருதுகிறேன், ஆனால் முன்தீர்ப்பு என்பதால் அதைக் கலைக்க வேண்டாம் என்று எழுதினார். 2024இல் எர்லிங்கர் வழக்கில் அதன் எல்லையைக் குறுக்கினார்கள், ரத்து செய்யவில்லை.

எனவே இன்றும் இவ்வகை வழக்குகளில், தோற்கும் என்று தெரிந்தே வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டில் இந்த வாதத்தை எழுதி வைக்கிறார்கள். ஏன்? என்றாவது அந்தத் தீர்ப்பு மாறினால், அப்போது மேல்முறையீடு நிலுவையில் உள்ளவர்களுக்கும் அதன் பலன் உண்டு. எழுதி வைக்காதவருக்கு அது எளிதில் கிடைக்காது. அங்கே தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 14 நாள்தான் அவகாசம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் உத்தமர் என்று நான் சொல்லவரவில்லை. குற்றம் செய்தவருக்கும், தம்மீது என்ன குற்றம் சுமத்தப்படுகிறது என்பதை எழுத்தில் காணும் உரிமை உண்டா என்பதே கேள்வி. நான்கு பேர் உண்டு என்றார்கள், ஐந்தாமவர் இரண்டு ஆண்டு தாமதமாகச் சொன்னார். அவருக்கு விதித்த 85 மாதம் அப்படியே நின்றது.

சட்டம் படித்த மாணவர்கள் தங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். அனைவரும் நலமுடன் வாழ்க!