ஓய்வு பெற்ற மேஜர் எழுதிய ப்ளூஸ்

"ரிட்டையர் ஆகட்டும், அப்புறம் எழுதலாம்" என்று சொல்லாத ஆபீசரை என் வங்கி வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. ரிட்டையர் ஆன பிறகு பெரும்பாலும் குடியிருப்பு சொசைட்டியின் வரவு செலவுக் கணக்கைத்தான் எழுதுகிறார்கள். சொன்னதைச் செய்து காட்டிய ஒரு மனிதரைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் ஆல்பர்ட் மர்ரே. அமெரிக்க விமானப்படையில் மேஜராக இருந்து 1962-ல் ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் புத்தகம் வந்தது 1970-ல். அதற்குள் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 2013-ல் தன் 97-வது வயதில் இறப்பதற்குள் கட்டுரை, நாவல், கவிதை என்று ஏறத்தாழ ஒரு டஜன் புத்தகங்கள் எழுதிவிட்டார்.

மர்ரே 1916-ல் அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பெற்றவர்கள் வேறு, வளர்த்தவர்கள் வேறு. மொபைல் என்ற துறைமுக நகரத்தை ஒட்டிய எளிய மக்களின் குடியிருப்பில் வளர்ந்தார். பள்ளி, ரயில் பெட்டி, ஓட்டல் எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பருக்கு ஓர் இடம் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். படிப்பில் கெட்டிக்காரர். டஸ்கீகி கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்கு சீனியர் ரால்ஃப் எலிசன்.

எலிசன் 1952-ல் 'இன்விசிபிள் மேன்' நாவல் எழுதி ஒரே புத்தகத்தில் உலகப் புகழ் பெற்றார். மர்ரே அப்போது ராணுவச் சீருடையில் இருந்தார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கடிதங்கள் 2000-ல் 'டிரேடிங் ட்வெல்வ்ஸ்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. இரண்டு ஜாஸ் கலைஞர்கள் ஆளுக்குப் பன்னிரண்டு அளவு தாளம் வாசித்து, மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முந்திக்கொண்ட எலிசனால் தன் இரண்டாவது நாவலை 1994-ல் இறக்கும்வரை முடிக்க முடியவில்லை. பிந்தி வந்த மர்ரேயோ எழுதிக்கொண்டே போனார்.

சரி, அப்படி என்னதான் எழுதினார்?

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு, அடிமைப்பட்ட மக்களின் ஒப்பாரி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவிலும் அப்படி நினைத்தவர்கள் நிறைய. 1976-ல் வந்த 'ஸ்டாம்பிங் த ப்ளூஸ்' புத்தகத்தில் மர்ரே இதை மறுக்கிறார். ப்ளூஸ் என்ற மனச்சோர்வு வேறு, ப்ளூஸ் என்ற இசை வேறு என்கிறார். முன்னது நோய் என்றால் பின்னது மருந்து. வாரம் முழுக்க உழைத்து, அவமானப்பட்டு, சனிக்கிழமை இரவு நல்ல உடை உடுத்திக்கொண்டு நடனக் கூடத்துக்கு வருகிறவன் அழுவதற்காக வருவதில்லை. மனச்சோர்வைக் காலால் மிதித்து விரட்ட வருகிறான். திங்கட்கிழமை அது திரும்பி வரும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அடுத்த சனிக்கிழமையும் வருகிறான்.

ஜாஸில் 'பிரேக்' என்று ஒன்று உண்டு. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்தால் பாடகர் ஓய்ந்து தாளவாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். இங்கே அதற்குத் தலைகீழ். தாளம் சட்டென்று நின்றுவிடும். டிரம்பெட்டோ சாக்ஸபோனோ ஊதுகிறவர் சில நொடிகள் அந்தரத்தில் தனியாக நிற்பார். பிடிமானம் எதுவும் இல்லை, அந்தக் கணத்தில் தோன்றுவதை வைத்துச் சமாளிக்க வேண்டும். வாழ்க்கையில் நெருக்கடி வருவதும் இப்படித்தான், அதில் தடுமாறாமல் புதிதாக ஒன்றை உண்டாக்குகிறவனே நாயகன் என்பது மர்ரேயின் கட்சி.

அவருக்கான சரக்கு எல்லாம் அன்றாட வாழ்க்கையிலிருந்தே வந்தது. ஓய்வுக்குப் பிறகு நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கடைசிவரை வாழ்ந்தார். அவர் வீட்டு பால்கனியில் நின்றால் எதிரே லெனாக்ஸ் அவென்யூ. அவருடைய நண்பர் ரோமேர் பியர்டன் ஓர் ஓவியர். பல வருடங்கள் நியூயார்க் நகர சமூக நலத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். அவர் அந்த பால்கனியிலிருந்து பார்த்த தெருவை வைத்து 1971-ல் 'த பிளாக்' என்ற 18 அடி நீள ஒட்டுச் சித்திரம் செய்தார். மாடி வீடு, கடை, சர்ச், சவ ஊர்வலம், ஜன்னலில் எட்டிப் பார்க்கும் முகங்கள். இன்று அது மெட்ரோபாலிடன் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தினமும் பார்க்கிற தெருதான்!

மர்ரே இதையெல்லாம் எழுதியதற்கு ஒரு கோபமும் காரணம். 1965-ல் மொய்னிஹான் என்ற அரசு அதிகாரி (பின்னாளில் 1973 முதல் 1975 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர்) கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். உதவும் எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் அதில் தெரிந்தது சிதைந்த குடும்பம், வறுமை, புள்ளிவிவரம். 'த ஆம்னி அமெரிக்கன்ஸ்' என்ற தன் முதல் புத்தகத்தில் மர்ரே இதைக் கடுமையாக எதிர்த்தார். எங்கள் சமையல், நடை, பேச்சு, கிண்டல், இசை எல்லாம் உங்கள் அட்டவணையில் எந்தப் பத்தியில் வருகிறது என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். எண்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கே இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. கொண்டாட்டத்தைச் சொன்னால் அநியாயம் மறைந்துவிடாதா என்று கேட்கலாம். கேட்டார்கள். அநியாயத்தை அவர் மறுக்கவில்லை. அது மட்டுமே நாங்கள் இல்லை என்றார்.

1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்கு ரயிலேறினார்கள். ப்ளூஸ் இசைக்குள் ரயிலின் தடதடப்பும் விசிலும் ஓடுகின்றன என்று மர்ரே திரும்பத் திரும்ப எழுதினார். 1974-ல் வந்த 'டிரெய்ன் விசில் கிடார்' நாவலில், கிடார் வாசித்துத் திரியும் ஒரு நாடோடியைப் போல் ஆக ஆசைப்பட்டு இரண்டு சிறுவர்கள் சரக்கு ரயிலேறப் போகிறார்கள். அந்த நாடோடியே அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்து, படியுங்கள் என்கிறான்.

ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளிடம் ஊரைப் பற்றிப் பேசும்போது பாதி நேரம் இழந்தவற்றின் பட்டியலைத்தான் வாசிக்கிறோம். ஆறு போச்சு, வயல் போச்சு, வீடு போச்சு. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? மர்ரேயின் ஊரில் இழப்பும் அவமானமும் நம்முடையதைவிடப் பல மடங்கு. அவர் எடுத்து வைத்தது பாட்டி கதை சொன்ன விதம், முடிதிருத்தும் கடையில் பெரியவர்கள் அடித்த அரட்டை, இரவு ரயிலின் விசில். நம் ஊர்ச் சந்தையில் பேரம் பேசிய அத்தையின் நக்கலை உங்கள் பிள்ளை கேட்டிருக்கிறதா? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் சாப்பிடும்போது சொல்லிப் பாருங்கள்.