புள்ள புடிக்கிறவன்

காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இவனைத் தெரியாம இருக்காது. தோள்ல கோணிப்பை, கையில மிட்டாய். விளக்கு வெச்சப்புறம் தெருவுல ஆடற பசங்களைப் பையில போட்டுட்டுப் போயிடுவான். எங்கே கொண்டு போவான்னு கேட்டா எங்க அத்தைகிட்ட ரெண்டு பதில் இருந்துச்சு. ஒண்ணு, பாலம் கட்டற எடத்துல பலி குடுக்க. இன்னொண்ணு, கப்பல்ல ஏத்தி விக்க.

பாலம் சரி, வேகவதியில ஒண்ணு இருக்கு. கப்பல் எங்கிருந்து வந்துச்சு? எங்க ஊர்ல ஏது கடல்? இது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

அப்புறம் பழைய மெட்ராஸ் சரித்திரம் படிக்க ஆரம்பிச்சப்போதான் அத்தையோட கப்பல் கிடைச்சது.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. டச்சுக்காரங்க 1610-ல அங்கே வந்து, 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. துணி வாங்கத்தான் வந்தாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். துணியோட ஆளுங்களையும் வாங்கினாங்கன்னு பாடத்துல இல்லை. பஞ்சம் வந்தா வியாபாரம் கொழிக்கும். சோத்துக்கு வழியில்லாம பெத்தவங்களே பிள்ளையை வித்தாங்க. விக்காதவங்க பிள்ளையைத் திருடிட்டு வந்து விக்கத் தரகர்கள் இருந்தாங்க. அப்படி வாங்கினவங்களை ஜாவாவில இருக்கற பட்டாவியாவுக்கும், பாண்டா தீவு ஜாதிக்காய்த் தோட்டத்துக்கும், இலங்கைக்கும் கொண்டு போனாங்க.

இங்கிலீஷ்காரங்க மட்டும் யோக்கியமா என்ன? பிள்ளைகளைத் திருடிக் கப்பலேத்தறாங்கன்னு புகார் 1680-களிலேயே புனித ஜார்ஜ் கோட்டைக் குறிப்புகள்ல வருது. 1687-ல கடும் பஞ்சம். அப்போ கவர்னர் எலிஹு யேல் (ஆமாங்க, அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் குடுத்த அதே ஆள்தான்). ஏழைங்க நிறைய, விலையும் மலிவு, அதனால வியாபாரம் பெருகுதுன்னு கவுன்சில் பார்த்துச்சு. தடுக்கலை. தலைக்கு ஒரு பகோடா வரி போட்டுச்சு! அந்த வருஷம் ஒரே மாசத்துல குறைஞ்சது 665 பேர் கப்பலேறினாங்க. அடுத்த வருஷம், 1688-ல, தடை வந்துச்சு. அதுக்கும் காரணம் இரக்கம் இல்லை. கோல்கொண்டாவைப் பிடிச்ச மொகலாயர்களுக்கு இந்த வியாபாரம் பிடிக்கலை, அவங்களைப் பகைச்சுக்க முடியாது. அவ்வளவுதான்.

அதே 1688-ல எங்க ஊர் எப்படி இருந்துச்சு தெரியுமா? படையெடுப்புக்குப் பயந்து வரதராஜப் பெருமாளையே உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டு போய் ஒளிச்சு வெச்சிருந்தாங்க. சவத்தைத் தூக்கிட்டுப் போற மாதிரி பாவனை பண்ணி எடுத்துட்டுப் போனதா சொல்வாங்க. 1710-லதான் திரும்பி வந்தார்னு கோயில் கல்வெட்டே சொல்லுது. சாமிக்கே இந்த கதின்னா, கைக்குழந்தையோட ஓடினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அத்தை கதையில இருந்த கப்பல் ஆகாசத்துலேர்ந்து வரலை.

அடிமை வியாபாரம் ஒழிஞ்சும் கப்பல் நிக்கலை. 1834-க்கு அப்புறம் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிங்க போனாங்க, பின்னாடி நேட்டால், பிஜி, மலேயான்னு நீண்டுச்சு. ஆசை காட்டி, பொய் சொல்லி ஆள் சேர்க்கற தரகருங்க மறுபடியும் ஊர் ஊரா திரிஞ்சாங்க.

இன்னொரு விஷயமும் சொல்லணும், சொல்லாம விட்டா மனசு கேக்காது. அத்தை இந்தக் கதையைச் சொன்ன அதே திண்ணைக்கு எதிர் வீட்டுல என் வயசுப் பையன் ஒருத்தன் தறியில உக்காந்திருப்பான். கோர்வைப் பட்டுக்கு மூணு நாடா. நெசவாளி ஒருத்தரால மூணையும் ஓட்ட முடியாது, கரை நாடாவைத் தள்ளப் பக்கத்துல சின்னப் பிள்ளை வேணும். அவங்க அப்பா வாங்கின முன்பணத்துக்கு அவன் வேலை செஞ்சான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லயே வந்தாச்சு. ஆனா 2003-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பத்தி அறிக்கை போட்டப்போ அதுல காஞ்சிபுரமும் இருந்துச்சு. நாங்க கோணிப்பைக்காரனுக்குப் பயந்து உள்ளே ஓடுவோம். அவன் தறியை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். அதை யாரும் புள்ள புடிக்கறதுன்னு சொன்னதில்லை, நான் உட்பட.

கடைசியா 2018. வடநாட்டுலேர்ந்து குழந்தை கடத்தற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல புரளி. மே மாசம் பழவேற்காட்டுல, அதாவது டச்சுக்காரன் பிள்ளைகளைக் கப்பலேத்தின அதே ஊர்ல, யாருன்னே தெரியாத ஒரு ஆளை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. அவர் எந்தக் குழந்தையையும் தூக்கலை.

அதே சமயம் எங்க பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலையில, போளூர் கிட்ட அத்திமூர்ல இன்னொரு கொலை. சென்னையிலேர்ந்து ஒரு குடும்பம் கார்ல குலதெய்வம் கோயிலுக்கு வந்துச்சு. கூட மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரங்க. வழி கேக்க வண்டியை நிறுத்தின எடத்துல, அறுபது வயசு தாண்டின அந்தம்மா அங்கே விளையாடிட்டிருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. ஊரே கூடி அடிச்சதுல அந்தம்மா செத்துப் போனாங்க.