நடுநிலையின் கணக்கு: பெர்சீலியஸின் வாசிப்பும் ஃபிஷரின் அட்டவணையும்

ஒரு வேதிவினையில் எந்தப் பொருள் எத்தனை எடையில் எதனோடு சேரும், எது தீர்ந்துபோகும், எது மிஞ்சும் என்று கணக்கிடும் ஸ்டாய்க்கியோமெட்ரி, அதாவது விகித அளவியல், யாரிடம் தொடங்கியது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பாலான நூல்கள் கார்ல் ஃபிரெடரிக் வென்ட்சல் என்ற ஒரே பெயரைச் சொல்லிவந்தன. அந்த விடைக்கு ஊற்றுக்கண் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். வேதிவிகிதங்கள் குறித்து 1819இல் பாரிசில் வெளியான தம் நூலில், நடுநிலையான இரண்டு உப்புக் கரைசல்களைக் கலக்கும்போது கலவையும் நடுநிலையாகவே இருப்பதன் காரணத்தைக் கண்டு விளக்கியவர் வென்ட்சல் என்று அவர் எழுதினார். அவரது மதிப்பை முன்னிட்டு, பின்வந்தோர் மூலநூலைத் திறந்து பாராமலேயே அக்கூற்றை வழிமொழிந்தனர்.

கூற்றின் பொருள் இது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முழுதாக ஈடுசெய்து நிற்பதே நடுநிலை உப்பு. அத்தகைய இரண்டு உப்புகள் தம் அமிலங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் வினைக்கு இரட்டைச் சிதைவு என்று பெயர். மாற்றம் முடிந்த பின்னும் அமிலமோ காரமோ மிஞ்சவில்லையென்றால், ஓர் அமிலத்தை ஈடுசெய்யும் பல்வேறு காரங்களின் எடைகளுக்கிடையே என்ன விகிதம் உண்டோ அதே விகிதம் வேறெந்த அமிலத்தை எடுத்தாலும் இருந்தாக வேண்டும். இன்று பதினொன்றாம் வகுப்பு மாணவர் சமான எடை என்று படிக்கும் கருத்து முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

வென்ட்சல் 1777இல் டிரெஸ்டனில் வெளியிட்ட, பொருள்களின் நாட்டம் பற்றிய நூலில் இவ்வாக்கியம் இல்லை. அங்கிருப்பவை உப்புகளின் பகுப்பாய்வு முடிவுகள். அவற்றிற் பல அக்காலத்துக்கு வியக்கத்தக்க அளவு துல்லியமானவை. அவர் கணக்கிட்டுக் காட்டும் இரட்டைச் சிதைவுகளிலோ ஏதேனும் ஒரு கூறு மிஞ்சுவதாகவே முடிவு வருகிறது. தம் எண்களை நம்பிய அவர், அந்த மிச்சத்தைப் பிழையென்று தள்ளாமல் இயற்கையின் இயல்பென்றே ஏற்றார். ஆக, பெர்சீலியஸ் அவருக்குச் சூட்டிய விதிக்கு நேரெதிரான இடத்தில் வென்ட்சல் நிற்கிறார். இதை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த வேதியியலாளர் ஹெஸ் எடுத்துக்காட்டி, விதி ஜெர்மன் வேதியியலாளர் எரமியாஸ் பெஞ்சமின் ரிக்டருக்கே உரியது என்று நிறுவினார். அணுக்கொள்கையாளர் டால்டனின் வரலாற்றை 1856இல் எழுதிய ஆங்கஸ் ஸ்மித்தும் அதை உறுதிப்படுத்தினார்.

வழக்கு அத்துடன் முடிந்ததாகவே வரலாற்று நூல்கள் கருதுகின்றன; பெர்சீலியஸின் கூற்றை நினைவுப் பிசகு என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த விளக்கம் போதாது. பெர்சீலியஸ் ரிக்டரை அறியாதவர் அல்லர். தம் பாடநூலுக்காகப் பழைய நூல்களைத் தேடிப் படித்தபோது ரிக்டரின் எழுத்துகளே தம்மை விகித ஆய்வின் பக்கம் திருப்பின என்று அவரே பதிந்திருக்கிறார். கையில் இருந்த ஒருவரின் கண்டுபிடிப்பை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பதற்குத் தற்செயலுக்கு மேற்பட்ட காரணம் இருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் சேர்மங்களைத் தம் கையாலேயே பகுத்தாய்ந்த பெர்சீலியஸுக்கு நல்ல எண் எது, கெட்ட எண் எது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்; வென்ட்சலின் எண்கள் நல்லவை, ரிக்டரின் எண்கள் கரடுமுரடானவை. போதாக்குறைக்கு ரிக்டர், காரங்களின் எடைகள் கூட்டுத் தொடரிலும் அமிலங்களின் எடைகள் பெருக்குத் தொடரிலும் அமைந்துள்ளன என்று காட்ட முயன்று, அதற்கேற்பத் தம் அளவுகளை வளைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கும் ஆளானவர். துல்லியமான விதி துல்லியமான அளவிலிருந்தே பிறக்கும் என்று நம்பிய ஒருவரின் மனம், நல்ல விதியை நல்ல எண்களுக்கு உரியவரோடு சேர்த்துக்கொண்டது என்றே கொள்ளத் தோன்றுகிறது. இதற்கு நேர்ச்சான்று எதுவும் இல்லை. பெர்சீலியஸ் எங்கும் இப்படிச் சொல்லவில்லை. ஆயினும் இரண்டு ஆசிரியர்களையும் படித்திருந்தவர் ஒருவரிடத்தில் மற்றவரை வைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கும்வரை, நினைவுப் பிசகு என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை.

துல்லியமான அளவிலிருந்தே துல்லியமான விதி பிறக்கும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு ரிக்டரே சான்று. 1789இல் கோனிக்ஸ்பெர்க்கில் வேதியியலில் கணிதத்தின் பயன் குறித்து ஆய்வேடு அளித்து, 1792 முதல் 1794 வரை ஸ்டாய்க்கியோமெட்ரி பற்றிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்ட அவர், கலவை நடுநிலையாகவே இருக்கிறது என்ற எளிய காட்சியை முதலில் உண்மையென்று கொண்டு, எடைகளை அதற்குக் கீழ்ப்படுத்தினார். வென்ட்சல் தராசை நம்பி நடுநிலையைக் கைவிட்டார் என்றால், ரிக்டர் நடுநிலையை நம்பித் தராசின் பிழையைத் தாண்டினார். ஆனால் அவர் எழுதிய நடை கடினமானது. ஒவ்வோர் அமிலத்துக்கும் ஒவ்வொரு காரத்துக்கும் தனித்தனி அட்டவணை போட்டதால், அவை எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்பது படித்தவர் கண்ணுக்குப் படவில்லை.

அந்த அட்டவணைகளை ஒன்றாக்கியவர் எர்ன்ஸ்ட் காட்ஃபிரீட் ஃபிஷர். பெர்த்தொலே எழுதிய வேதிநாட்ட விதிகள் பற்றிய நூலை 1802இல் பெர்லினில் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட அவர், அதில் ஒரு குறிப்பாக இந்த ஒருங்கிணைந்த அட்டவணையைச் சேர்த்தார். கந்தக அமிலம் 1000 என்று கொண்டால் அதனை ஈடுசெய்யும் காரங்கள் ஒரு பத்தியிலும், அக்காரங்களை ஈடுசெய்யும் அமிலங்கள் மறுபத்தியிலும் வரும். காரங்களில் அலுமினா 525, மெக்னீசியா 615, அம்மோனியா 672, சுண்ணாம்பு 793, சோடா 859, ஸ்ட்ரான்சியா 1329, பொட்டாஷ் 1605, பேரைட்டா 2222. அமிலங்களில் கார்பானிக் 577, மியூரியாட்டிக், அதாவது இன்றைய ஹைட்ரோகுளோரிக், 712, நைட்ரிக் 1405. எதிரெதிர்ப் பத்திகளிலிருந்து ஏதேனும் இரண்டு எண்களை எடுத்துக் கூட்டினால் ஓர் உப்பின் எடை கிடைக்கும்.

இந்த அட்டவணையை வைத்து இன்றைய தேர்வுக் கணக்கு ஒன்றைச் செய்து பார்க்கலாம். கால்சியம் நைட்ரேட் 793உம் 1405உம் சேர்ந்து 2198; பொட்டாசியம் சல்ஃபேட் 1605உம் 1000உம் சேர்ந்து 2605. இரண்டும் இணைமாறினால் கால்சியம் சல்ஃபேட் 1793 பங்கும் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், 3010 பங்கும் உண்டாகும். அதே 2198 பங்கு கால்சியம் நைட்ரேட்டுடன் 2000 பங்கு பொட்டாசியம் சல்ஃபேட் மட்டுமே இருந்தால், சல்ஃபேட் முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும். விளையும் கால்சியம் சல்ஃபேட் 1793ஐ 2000ஆல் பெருக்கி 2605ஆல் வகுத்தால் வரும் 1377 பங்கு. நைட்ரேட்டில் ஏறத்தாழ 510 பங்கு மிஞ்சும். வினையைக் கட்டுப்படுத்தும் பொருள் என்று இன்று தனித் தலைப்பில் கற்பிக்கப்படும் கணக்கு, வாய்பாடோ அணுவோ மோலோ இல்லாமல் 1802ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றைக் கொண்டே முடிந்துவிடுகிறது.

வினைக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை 4803 ஆகவே இருப்பதை அட்டவணையின் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டுவது மட்டும் சரியன்று. எந்த எண்களை இட்டாலும் இருபுறமும் ஒக்கும். நடுநிலை விதியை முன்வைத்தே அட்டவணை கட்டப்பட்டது. எண்களின் தரத்தை வெளியிலிருந்துதான் சோதிக்க வேண்டும். இன்றைய அணு எடைகளின்படி, நீர் நீங்கிய கந்தக அமிலத்தை 1000 என்று கொண்டால், சுண்ணாம்பு 700, சோடா 774, மெக்னீசியா 503, பொட்டாஷ் 1177, நைட்ரிக் அமிலம் 1349 என வரும். ஃபிஷரின் எண் சுண்ணாம்புக்கு 13 விழுக்காடும், மெக்னீசியாவுக்கு 22 விழுக்காடும், பொட்டாஷுக்கு 36 விழுக்காடும் கூடுதல். நைட்ரிக் அமிலத்துக்கோ 4 விழுக்காடு மட்டுமே. அடிப்படை அளவான கந்தக அமிலத்தைக் குறைத்து மதிப்பிட்டதே காரணம் என்றால் எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் உயர்ந்திருக்க வேண்டும். அப்படி உயராததால் ஒரே காரணம் போதாது. பொட்டாஷின் பிழை தனியாக விளக்கப்பட வேண்டிய ஒன்று.

அட்டவணையில் கூர்ந்து பார்க்க வேண்டிய எண்கள் வேறிரண்டு. ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவின் சமான எடையை இதே அளவில் கணக்கிட்டால் 911 வரும். ஃபிஷர் தருவது 712. அம்மோனியா வாயுவுக்கு 425 வர வேண்டும். அவர் தருவது 672. ஒன்று வெகுவாகக் குறைவு, மற்றது வெகுவாகக் கூடுதல். பார்த்தவுடன் இரண்டும் தவறு என்று தள்ளத் தோன்றும். ஆனால் கறியுப்பின் சமான எடையிலிருந்து சோடாவின் எடையைக் கழித்து, எஞ்சியதை அமிலம் என்று கொண்டால் கிடைப்பது 686. அந்த 686ஐ நவச்சாரத்தின், அதாவது அம்மோனியம் குளோரைடின், சமான எடையிலிருந்து கழித்து, எஞ்சியதை அம்மோனியா என்று கொண்டால் கிடைப்பது 650. ஃபிஷரின் 712உம் 672உம் இவற்றிலிருந்து 4 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை. சோடாவை உலோக ஆக்சைடாக நிறுத்தும்போது அமிலத்திலிருந்து நீரின் எடை கழிகிறது. கழிந்த அதே எடை, ஆக்சிஜன் இல்லாத அம்மோனியாவின் கணக்கில் போய் ஒளிந்துகொள்கிறது. இந்த வாசிப்பு சரியென்றால், இவ்விரு எண்களும் வாயுக்களை நேரடியாக நிறுத்துப் பெற்றவை அல்ல, உப்புகளிலிருந்து கழித்துப் பெற்றவை. இரண்டு எண்களை மட்டும் வைத்து இவ்வளவு சொல்வது துணிச்சல்தான். எனினும் எதிரெதிர்த் திசையில் விலகும் இரண்டு பிழைகளையும் ஒரே விளக்கம் தீர்ப்பது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

அட்டவணையைப் பெர்த்தொலே 1803இல் தம் பெருநூலில் எடுத்தாண்டதால் அது பிரெஞ்சு வாசகரை அடைந்தது. மாறாத விகிதம் என்ற கருத்தையே எதிர்த்துவந்தவர் அதற்கு இவ்வாறு வழி திறந்துவிட்டது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. மான்செஸ்டரில் டால்டன் இதை எப்போது கண்டார் என்பது தீராத சிக்கல். அவரது முதல் அணு எடைப் பட்டியல் 1803 செப்டம்பர் 6 தேதியிட்ட குறிப்பில் உள்ளது. ரிக்டரே அவருக்குத் தூண்டுதல் என்பது வில்லியம் சார்ல்ஸ் ஹென்றி 1854இல் தந்த தகவல். டால்டனின் குறிப்பேடுகளை ஆராய்ந்து 1896இல் எழுதிய ராஸ்கோவும் ஹார்டனும் அதை ஏற்கவில்லை. அக்குறிப்பேடுகளிற் பெரும்பகுதி 1940ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், முழுமையான மறு ஆய்வுக்கு இனி இடமில்லை.

பின்வந்த வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். அணு என்ற ஊகத்தைத் தவிர்க்க விரும்பிய உல்லாஸ்டன் 1814இல் சமான எடைகளை நகரும் அளவுகோல் ஒன்றில் பொறித்து, கணக்கைக் கைவினைஞர் கைக்கும் கொண்டுவந்தார். எடைக்குப் பதிலாகக் கரைசலின் கனஅளவைக் கொண்டு அளக்கும் தரம்பார்த்தல் முறையை 1832இல் கே-லுசாக் வெள்ளிச் சோதனைக்குக் கொண்டுவந்தார். 1855இல் மோர் எழுதிய நூல், லிட்டருக்கு ஒரு கிராம் சமானம் கொண்ட நார்மல் கரைசலைப் பரவலாக்கியது. அத்தகைய கரைசலை முதலில் செய்தவர் மோர்தானா, அவருக்கு முன் பிரிட்டனில் யூரும் கிரிஃபினும் அதை நெருங்கிவிட்டார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மோல் என்ற அலகுக்கு அடிகோலிய ஆஸ்ட்வால்டும் அன்று அணுவை நம்பாதவர். அச்சொல்லை அவர் முதலில் அச்சேற்றிய ஆண்டு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. 1890களில் என்று சொல்வதே பாதுகாப்பானது. 1971இல் மோல் அனைத்துலக அடிப்படை அலகாயிற்று. ஆயினும் தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் மாணவர் பிப்பெட்டில் எடுத்த மோர் உப்புக் கரைசலுக்கு பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கனஅளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கி இருபுறமும் சமன்படுத்தியபோது, செய்தது ரிக்டரின் கணக்கையே. லிட்டருக்கு 3.16 கிராம் பெர்மாங்கனேட்டை 0.1 நார்மல் என்றும் 0.02 மோலார் என்றும் இரண்டு விதமாகச் சொல்ல நேர்வது, சமான எடையும் அணு எடையும் ஒரே பாடத்தில் அருகருகே தங்கிவிட்டதன் விளைவு.

அம்மோனியாவுக்கு ஃபிஷர் தந்த 672 எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, 1791 முதல் 1802 வரை ரிக்டர் வெளியிட்ட வேதியியலின் புதிய பொருள்கள் பற்றிய பதினொரு தொகுதிகளிலும், ஸ்டாய்க்கியோமெட்ரி நூலின் தனித்தனி அட்டவணைகளிலும் இருக்க வேண்டும். ஜெர்மன் மொழி அறிந்த ஆய்வாளர் எவரேனும் அவற்றில் அம்மோனியா உப்புகளின் பக்கங்களை மட்டுமாவது ஒப்புநோக்கினால், இங்கு முன்வைத்த கழித்தல் வாதம் நிற்குமா விழுமா என்பது தெளிவாகும்; அப்பணியை யாரேனும் மேற்கொள்ள வேண்டும்.