ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு?

காரைக்காலில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. கொஞ்சம் தெற்கே போனால் நரிமணம் எண்ணெய் வயல். பனங்குடியில் 1993-இல் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. எண்ணெய் கைமாறும் இடத்திலெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை லிட்டர்?

கேள்வி சுலபம், பதில்தான் சிக்கல். சூடானால் எண்ணெய் விரியும். டீசல் என்றால் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.08 சதவீதம். 15 டிகிரியில் 10,000 லிட்டராக இருந்த சரக்கு, நம்ம ஊர் வெயிலில் 35 டிகிரிக்கு வந்தால் சுமார் 10,160 லிட்டர் காட்டும். ஒரு சொட்டுகூடக் கூடியிருக்காது! அதனால்தான் இங்கே எண்ணெய்க் கணக்கை 15 டிகிரிக்கு மாற்றி எழுதுகிறார்கள்.

முன்பு இதெல்லாம் கை வேலை. தொட்டியில் அளவுகோலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். பிறகு தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், கடைசியில் அட்டவணைப் புத்தகம்.

1835-இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் சுழலும் அமைப்புகளில் தோன்றும் விசையைப் பற்றி எழுதினார். அந்தத் தத்துவத்தை 1977-இல் தொடங்கிய மைக்ரோ மோஷன் என்ற அமெரிக்க நிறுவனம் தொழிற்சாலை ஃப்ளோமீட்டராக்கியது. அதிரும் குழாய் வழியே திரவம் ஓடும்போது குழாய் லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலிருந்து கிடைப்பது லிட்டர் இல்லை, கிலோ.

கிலோ சூட்டில் மாறாதே, அப்புறம் எதுக்கு வெப்ப உணரி? சூடானால் குழாயின் விறைப்பு குறையும், அதைத் திருத்தணும். கிலோவை லிட்டராக்கவும் எந்த டிகிரி என்று சொல்லியாகணும்.

அங்கேதான் கவனம் வேணும். மீட்டரை அமைக்கும்போது 15-க்குப் பதில் 20 டிகிரி என்று பதிந்துவிட்டால், 10,000 லிட்டருக்குச் சுமார் 40 லிட்டர் கூடுதலாகக் காட்டும். மீட்டரில் பழுது இருக்காது, அலாரமும் அடிக்காது. வாங்குகிறவர் பணம்தான் போகும். ரசீதில் லிட்டரைப் பார்க்கும் முன் டிகிரியைப் பாருங்க.