நோய்நிலை விலங்கு மாதிரிகள் (சீன மரபு மருத்துவம்)

சீன மரபு மருத்துவத்தில் ‘செங்’ எனப்படும் நோய்நிலைகளை எலி, முயல் முதலிய ஆய்வக விலங்குகளில் செயற்கையாக உண்டாக்கி ஆராயும் முறை. ஷாங்காய் மருத்துவர் குவாங் ஆன்குன் 1960களின் தொடக்கத்தில் இதற்கு வழிவகுத்தார். கார்ட்டிசோன் வகை ஹார்மோனை அளவுமீறி ஏற்றிய சுண்டெலிகள் இளைத்தன, மயிர் பொலிவிழந்தது, குளிர் தாங்காமல் ஒன்றோடொன்று ஒண்டிக் கிடந்தன. சீன மருத்துவர்கள் ‘யாங் குறைவு’ (உடலுக்கு வெப்பம் தரும் ஆற்றலின் தளர்ச்சி) என விவரிக்கும் நிலையை இது ஒத்திருந்தது. பின்னர், ரேவல்சின்னிக் கஷாயத்தால் பேதியாக்கி ‘மண்ணீரல் குறைவு’ம், அட்ரினலின் ஊசி போட்டுப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி ‘இரத்தத் தேக்க’மும் உருவாக்கப்பட்டன.

சிக்கல் நோயறிதலில்தான். நாடி, நாக்கு, நோயாளியின் வாய்மொழி முதலியவற்றைக் கொண்டே செங் கணிக்கப்படுகிறது. எலியிடம் எதைக் கேட்பது? ஆகவே அந்நிலைக்கு உரிய மருந்தைக் கொடுத்து, குணம் தெரிந்தால் மாதிரி சரியென்று கொள்வதுண்டு. மருந்தைச் சோதிக்க எழுந்த மாதிரிக்கு மருந்தையே சான்றாக்கும் இவ்வாதம் வலுவற்றது. மேலும், ஹார்மோன் மிகுதியால் அட்ரினல் சுரப்பி ஒடுங்கினாலும் அச்சுண்டெலிகளில் கண்ட அதே அறிகுறிகள் தோன்றும். நவீன மருத்துவம் கூறும் நோயையும் செங்கையும் ஒரே விலங்கில் உண்டாக்கும் கூட்டு மாதிரிகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன.