ஆவாரம் பட்டையும் ஒரு பழைய நியூஸ்பேப்பரும்

போன எபிசோட்ல ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதி பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: பாலாறு கெட்டுப்போறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? மணல், ஊற்று, தென்னந்தோப்புன்னு பெரியவங்க சொல்வாங்க. சரி, கரையில என்ன செடி முளைச்சுது? எந்த வருஷம் வரைக்கும்? இதுக்கு ஞாபகம் பத்தாது. தாள் வேணும்.

ஹெர்பேரியம் ஷீட்டைத்தான் சொல்றேன். பூவோட ஒரு செடியை எடுத்து, பழைய நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு அழுத்தி, தினமும் பேப்பர் மாத்தி, காய்ஞ்சதும் சுமார் 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில ஒட்டணும். கீழே லேபிள்: எடுத்தவர் பேர், எண், தேதி, இடம். பி.எஸ்சி. பாட்டனி படிச்சப்போ நானும் ஒரு கட்டு செஞ்சேன். பிராக்டிகல் எக்ஸாம்ல மார்க் போட்டாங்க. அடுத்த கல்வியாண்டு தொடங்குறப்போ எங்க வகுப்பு கட்டு மொத்தமும் பழைய பேப்பர்காரர் வண்டியில ஏறிடுச்சு.

வேலூர் பக்கத்துல இது நடக்கிறதுதான் வேடிக்கை. ஏன்னா இந்தத் தோல் தொழிலே ஒரு செடியை நம்பி வளர்ந்தது. இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல டீயாவும் ஃபேஸ்பேக்காவும் ஓடுற அதே ஆவாரம். அதோட பட்டையில டானின் அதிகம். கரட்டு நிலத்துல உரிச்ச பட்டை டேனரிக்கு வரும். அந்தத் தண்ணியில தோல் வாரக்கணக்குல ஊறும். கடுக்காயும் சேரும். அப்படிப் பாதி பதனிட்ட தோல்தான் ரொம்ப காலம் கப்பல் ஏறிச்சு. 1970களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலை ஊக்குவிச்சது. குரோம் பதனிடல் பரவிச்சு. வாரக்கணக்கு வேலை ஒண்ணு ரெண்டு நாளாச்சு. உப்பும் குரோமியமும் பாலாத்துப் பக்கம் போச்சு.

1996 ஆகஸ்ட் 28, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அதுல வருது: டேனரி பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சு. கெட்டதை இப்படி அளந்துடலாம். கெடறதுக்கு முன்னாடி இருந்ததை யாராவது அப்பவே எடுத்து வச்சிருந்தாத்தான் உண்டு.

எடுத்து வைக்கிறவங்களுக்கே அது எதுக்குப் பயன்படும்னு தெரியாதுங்கிறதுதான் இதுல சுவாரசியம். பிரிட்டன்ல பொழுதுபோக்கா பறவை முட்டை சேர்த்தவங்க இருந்தாங்க. டெரெக் ராட்கிளிஃப் அந்தச் சேகரிப்புகளை எடுத்து, வல்லூறு இனத்தைச் சேர்ந்த பெரெக்ரின் பறவையோட முட்டை ஓடுகளைப் பழசும் புதுசுமா ஒப்பிட்டார். 1940களின் கடைசியிலிருந்து ஓடு மெலிஞ்சிருந்தது. 1967ல வெளியிட்டார். டிடிடி மேல விழுந்த பெரிய அடிகள்ல அதுவும் ஒண்ணு. முட்டை சேர்த்த பலர் காலத்துல டிடிடி புழக்கத்துலயே இல்லை.

நம்ம பக்கம்? பழைய வட ஆற்காட்டுச் செடிகளைத் தேடினா, திருச்சிக்குப் போக வேண்டியிருக்கும். செயின்ட் ஜோசப் கல்லூரிக்குள்ள ரபினாட் ஹெர்பேரியம் இருக்கு. ஆல்பிரெட் ரபினாட்ங்கிற பிரெஞ்சு யேசு சபைத் துறவி பேர்ல, 1967ல கே.எம். மேத்யூ தொடங்கினது. 1981லிருந்து 1983க்குள்ள அவரோட தமிழ்நாடு கர்நாடிக் ஃப்ளோரா வந்துச்சு. கர்நாடகா இல்லை, மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிற நம்ம சமவெளியும் குன்றுகளும். ஜவ்வாது மலையும் அதுக்குள்ள வருது. 1991ல, களத்துக்குக் கையில கொண்டு போறவங்களுக்காக ஒரே தொகுதியில மத்தியத் தமிழ்நாட்டுக்கு ஒரு கையேடும் எழுதினார்.

நிபுணர்கள் இயல்பாவே மலை ஏறுவாங்க. அரிய செடி அங்கேதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டு பின்னாடி, ஏரிக்கரை, டேனரி வாய்க்கால் ஓரம் முளைக்கிற களையை எடுக்கிறது யாரு? மார்க்குக்காக அலையுற இரண்டாம் வருஷ மாணவர்தான். தோல் பெல்ட்டோட வரலாற்றுக்கு வேண்டியது அந்தக் களைதான். அதனாலதான் எடைக்குப் போன கட்டை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

லேபிளைச் சரியா எழுதக் கத்துக்கிறதே பாதி ஆராய்ச்சி. வெறும் ‘வட ஆற்காடு’ன்னு எழுதின ஷீட்டை எடுத்துக்கோங்க. 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சுது. 2019ல வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். ஆம்பூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம். அந்த ரெண்டு வார்த்தை இன்னைக்கு நாலு மாவட்டத்துல எங்கே வேணும்னாலும் இருக்கலாம். செடிப் பேரும் நிக்காது. ஆவாரம் அப்போ கேசியா, இப்போ சென்னா. பழைய பேரை அழிக்க மாட்டாங்க. புதுப் பேரையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, பக்கத்துல ஒட்டுவாங்க. யார், எப்போ, என்ன நினைச்சாங்கன்னு எல்லாமே தாள்லயே இருக்கும்.

போன்ல போட்டோ எடுத்தா போதாதான்னு கேட்பீங்க. இலையில குரோமியம் எவ்வளவுன்னு போட்டோ சொல்லாது. காய்ஞ்ச இலையில ஒரு துணுக்கு கிள்ளி லேப்ல கொடுத்தா அளக்கலாம். பாதரசத்தை மட்டும் தேடாதீங்க: பூச்சி அரிக்காம இருக்க, அந்தக் காலத்துல செடியையே மெர்குரிக் குளோரைடுல முக்கி எடுத்தாங்க.