மூலத்தின் முன் அமர்ந்து கற்ற ஓவியர்கள்

1793 ஆகஸ்ட் 10 அன்று பாரிசின் லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, பொதுமக்களைவிட ஓவியர்களுக்கே அதிக நாட்கள் ஒதுக்கப்பட்டன. பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து அவர்கள் தொழில் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

நகலெடுக்கும் வழக்கம் அதைவிடவும் மிகப் பழையது. 1628இல் அரசியல் தூதராக மாட்ரிட் சென்ற ஓவியர் ரூபன்ஸ் ஐம்பது வயதைக் கடந்தவர். ஐரோப்பா முழுவதும் அறிந்த பெயர். அவரும் ஸ்பெயின் மன்னரிடமிருந்த டிஷியனின் படங்களை நகலெடுத்தார். அவற்றுள் பேரரசர் ஐந்தாம் சார்லசும் அரசி இசபெல்லாவும் சேர்ந்திருக்கும் உருவப்படத்தின் மூலம் பின்னாளில் அழிந்துவிட்டது. ரூபன்ஸின் நகலால்தான் அது இன்று தெரிய வருகிறது.

முகச்சாயலைக் கொண்டுவருவது இப்பயிற்சியின் சிறு பகுதிதான். படம் எந்த வரிசையில் உருவானது என்று கண்டுபிடிப்பதே கடினம். துணியின் மேல் பழுப்போ சாம்பலோ கலந்த அடிப்பூச்சு, அதன்மேல் ஒளியையும் நிழலையும் மட்டும் காட்டும் ஒற்றை நிறப் படம், அது உலர்ந்தபின் தோலின் நிறங்கள், கடைசியில் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகள் என்று தைலவண்ண உருவப்படம் அடுக்கடுக்காக எழுவது. மேலடுக்கில் எண்ணெய் குறைந்தால் காய்ந்தபின் வெடிக்கும். கன்னத்தின் வெளிச்சத்தில் ஈயவெள்ளை தடித்து நிற்கும். தாடையின் நிழலில் பூச்சு மெலிந்து அடிவண்ணமே தெரியும். அச்சுப்படத்தில் இந்தத் தடிமன் புலப்படாது. மூலத்தின் எதிரிலேயே அமர வேண்டியிருந்தது அதனால்தான்.

எத்துவார் மானே இளமையில் லூவரில் டின்டொரெட்டோவின் தன்னுருவப்படத்தை நகலெடுத்தார். 1860களின் தொடக்கத்தில், வெலாஸ்கஸின் பெயரில் வழங்கிய இளவரசி மார்கரிட்டாவின் படத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் நேரடியாகக் கீறிக்கொண்டிருந்த டெகாவை அவர் அங்கே சந்தித்ததாகச் சொல்வர்.

பெண்களுக்கோ லூவரின் கூடமே பள்ளி. அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. பெர்த் மொரிசோ 1858 முதல் லூவரில் நகலெடுத்துப் பழகினார்; 1866இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேரி கசாட்டும் அவ்வாறே. பள்ளிக் கதவு அடைத்திருந்தும் இப்படிப்பட்டவர்கள் உருவானது இம்முறையின் வலிமைக்கு நல்ல சான்று.

நகலெடுப்பு பிழைப்பும் தந்தது. விண்டர்ஹால்டர் வரைந்த மூன்றாம் நெப்போலியனின் உருவப்படத்துக்கு அரசு அலுவலகங்களுக்காகப் பல நகல்கள் வரையப்பட்டன.

லூவரில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. அனுமதி பெற்ற ஓவியருக்கு அருங்காட்சியகமே ஓவியத் தாங்கி தருகிறது. நகலின் அளவு மூலத்தினின்று மாறுபட வேண்டும். மூல ஓவியரின் கையொப்பத்தை அதில் இடக்கூடாது.